கல்லூரி சாஃப்ட்பாலில் சிறந்து விளங்கிய பிட்சர்களின் விளையாட்டு வாழ்க்கை எப்படி அமைந்தது?

கேள்வி (வில்லிவாக்கம்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகள் சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தவளைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர், பேஸ்பால் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலின் அணியில் சேர்த்துப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆக்கினார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் இப்போது அவள் வீசும் பந்தைத் தொடுவதற்கே எதிரணியினர் திணறுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் காணொளிகளை ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பார்க்கிறாள். கேட் ஆஸ்டர்மன், மோனிகா அபட் என்ற பெயர்களை அவள் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

"டிகிரி முடிந்த பிறகு இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் யாராவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை. தாய்மாமன் என்ற முறையில் அவளுக்குத் துணை நிற்க விரும்புகிறேன். ஆனால் பொய்யான நம்பிக்கையைக் கொடுக்க மனம் வரவில்லை. கல்லூரியில் உச்சத்தைத் தொட்ட பிட்சர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்தது? அவள் வீச்சில் வேகம் அதிகம் இல்லை என்கிறார்கள். அது பெரிய குறையா? ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் முழுவதையும் அவளே வீசுகிறாள். கீழ்க்கை வீச்சு என்பதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று அணியில் சொல்கிறார்களாம். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (அண்ணா நகர்)

ஐயா, உங்கள் மருமகள் சரியான ஆளைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்காக 2002 முதல் 2006 வரை ஆடிய இடது கைப் பிட்சர் ஆஸ்டர்மன், கல்லூரி ஆட்டங்களில் மட்டும் 2,265 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (அதாவது, மூன்று ஸ்ட்ரைக்குகளில் பேட்டரை வெளியேற்றினார்). ஒரு ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸ் சேர்வது) கூட விட்டுக்கொடுக்காத ஆட்டங்கள் 20. அவற்றுள் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸில் (ரன் எடுக்க ஓடிச் சேர வேண்டிய இடத்தில்) கால் வைக்க விடாத பெர்ஃபெக்ட் கேம் 7. ஆனால் இவற்றையெல்லாம் விட நான் பெரிதாக மதிப்பது வேறொரு கணக்கு. ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஒரு ஆட்டத்தில் எதிரணியின் 21 பேரை வெளியேற்ற வேண்டும். ஆஸ்டர்மனின் சராசரி, ஏழு இன்னிங்ஸுக்கு 14க்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட். அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பேரை, ஃபீல்டர்களின் கைக்குப் பந்து போகாமலே, அவரும் பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருமாக அனுப்பிவிட்டார்கள். நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனையாக 2003, 2005, 2006 என மூன்று ஆண்டுகளில் தேர்வானார். இடையில் விடுபட்ட 2004இல் அவர் கல்லூரிக்கு ஆடவில்லை; ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். ஒன்பது ஆட்டங்களில் 51 ரன் எடுத்து ஒரே ஒரு ரன்னை மட்டும் கொடுத்த அணி அது.

இத்தனை இருந்தும் அவர் காலத்தில் டெக்ஸஸ் ஒருமுறை கூட தேசியக் கல்லூரிப் பட்டத்தை வெல்லவில்லை என்பதையும் உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய பிட்சராக இருந்தாலும் அணி ரன் எடுத்துக் கொடுக்காவிட்டால் பட்டம் வராது.

கல்லூரிக்குப் பிறகு என்ன நடந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். ஒலிம்பிக்கிலிருந்து சாஃப்ட்பாலை நீக்குவதென 2005இலேயே முடிவாகிவிட்டது. 2008 பெய்ஜிங்கில் அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்று வெள்ளி பெற்றது. அதன் பிறகு டோக்கியோ வரை ஒலிம்பிக் கதவு மூடியே இருந்தது. கல்லூரியில் உச்சத்துக்கு வந்த ஒரு தலைமுறையே, தன் உடல் முழு வலுவோடு இருந்த ஆண்டுகளில், சிறிய தொழில்முறை லீக்குகளில் குறைந்த ஊதியத்துக்கு ஆட வேண்டியிருந்தது. ஆஸ்டர்மன் 2015இல் ஓய்வு பெற்று, டெக்ஸஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். சாஃப்ட்பால் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது என்றானதும் 2018இல் மீண்டும் பந்தைக் கையில் எடுத்து, 2021இல் தம் 38ஆம் வயதில் டோக்கியோ இறுதி ஆட்டத்தின் முதல் பந்தை ஜப்பானுக்கு எதிராக வீசினார். அந்த ஆட்டத்திலும் ஜப்பானே வென்றது.

டென்னசி பல்கலைக்கழகத்தின் அபட் 2,440 ஸ்ட்ரைக் அவுட்டுகளோடு கல்லூரிச் சாதனையைத் தம் பெயரில் வைத்திருப்பவர். அவர் ஜப்பான் சென்று டொயோட்டா நிறுவனத்தின் அணிக்குப் பல ஆண்டுகள் ஆடினார். அமெரிக்காவில் 2016இல் ஆறு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் டாலர் என்று அவருக்கு ஓர் ஒப்பந்தம் கிடைத்தபோது அது பெரிய செய்தியாயிற்று. ஆனால் அதில் நிலையான ஊதியம் ஆண்டுக்கு 20,000 டாலர்தான். மீதியெல்லாம் ஆட்டம் பார்க்க வரும் கூட்டத்தைப் பொறுத்தது.

இன்றைய நிலை மாறியிருக்கிறது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயராலும் புகழாலும் பணம் ஈட்டலாம் என்று 2021இல் அமெரிக்காவில் விதி தளர்த்தப்பட்டது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்ஸஸ் டெக்கிற்கு மாறிய நைஜாரி கேனடி 2024இல் ஓராண்டுக்குப் பெற்ற ஒப்பந்தத் தொகை 10,50,024 டாலர். கடைசி 24 அவருடைய சட்டை எண். அடுத்த ஆண்டே அந்த அணியைத் தேசிய இறுதி வரை அவர் கொண்டுசேர்த்தார். அங்கே டெக்ஸஸ் பல்கலைக்கழகத்திடம் அது தோற்றது.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் பெரும்பாலான பிட்சர்களுக்குக் கல்லூரி ஆண்டுகளே உச்சம். வேறொரு பெரிய மேடைக்கு ஏறுவதற்கான படியாக மட்டும் அந்த ஆண்டுகளைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவள் இப்போது ஆடிக்கொண்டிருப்பதுதான் அவளுடைய பெரிய ஆட்டம் என்று வீட்டார் புரிந்துகொண்டு, மைதானத்துக்கு நேரில் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

மறுமொழி (பெரம்பூர், உடற்கல்வி ஆசிரியை)

மேலே எழுதியவர் விவரமாகச் சொல்லிவிட்டதால் வேகம், தோள் ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 43 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 20 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு குறுகிய தூரம் என்பது விளங்கும். அபட் 2012இல் மணிக்கு 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசிச் சாதனை படைத்தார். ஆஸ்டர்மனின் பந்துகளோ பெரும்பாலும் 100 கிலோமீட்டரை ஒட்டியே வந்தன. அந்த வேகத்தில் வரும் பந்துக்கே, அடிப்பவருக்கு அரை நொடிதான் கிடைக்கும். ஒரே கை அசைவில் ஒரு பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கி (டிராப் பால்), அடுத்தது மேலே எழுவதுபோல் வந்து (ரைஸ் பால்), மூன்றாவது மெதுவாக வந்தால் (சேஞ்ச்-அப்) எந்த பேட்டரும் தடுமாறத்தான் செய்வார். சுழற்சியும் இடமும் கைவந்துவிட்டால் வேகக் குறைவு பெரிய குறையே அல்ல.

தோளுக்கு ஒன்றும் ஆகாது என்பது ஆபத்தான நம்பிக்கை. காற்றாலையின் இறக்கைபோல் முழு வட்டமடிக்கும் கை, இடுப்பருகே வந்து பந்தை விடும் நொடியில், தோளின் முன்பக்கத்தில் உள்ள பைசெப்ஸ் தசைநாண் கடுமையான இழுவிசையைத் தாங்குகிறது. உங்கள் மருமகளின் முன்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். பந்தை விடும்போது முன்கை இடுப்பில் உரசிச் செல்வதால் சிவந்த தடம் இருக்கும். அது இயல்பானது, கவலை வேண்டாம். ஆனால் தோளின் முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கிறது என்றாலோ, தலை வாரக் கையைத் தூக்கும்போது பிடிக்கிறது என்றாலோ அன்றே வீசுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவெனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் பெற்றுத் தந்தார். நெஞ்சம் நிறைந்து போற்ற வேண்டிய சாதனை அது. ஆனால் சென்னை வெயிலில், ஒரு மாணவிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை முழுமையாகக் கொடுப்பதற்கு அதை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது. ஒவ்வொரு கல்லூரி அணியிலும் இரண்டாவது பிட்சரைத் தயார் செய்வது பயிற்சியாளரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி (குரோம்பேட்டை)

வேலை பற்றிக் கேட்டதால் சுருக்கமாக எழுதுகிறேன். மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் சாஃப்ட்பால் உண்டு. பல்கலைக்கழக அணிக்காக ஆடி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் மூன்றாம் இடத்துக்குள் வந்தால், அதற்கு உரிய சான்று படிவம் 3. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் கையொப்பமிட்ட அந்தப் படிவத்தைப் படிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்து சில ஆண்டுகள் கழித்து அலைவது மிகவும் சிரமம். கற்பிப்பதில் விருப்பம் இருந்தால் பி.காம். முடித்துவிட்டு பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பணிக்கான பட்டப் படிப்பு) சேரலாம். மேலக்கோட்டையூரில் உள்ள உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை அவளிடம் படித்துக் காட்டினேன். தலை வாரும்போது கொஞ்சம் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறாள். நாளை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். டீச்சர், ரைஸ் பாலை இப்போதே பழகலாமா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறாள்.

மறுமொழி (பெரம்பூர், உடற்கல்வி ஆசிரியை)

வேண்டாம், ஐயா. மருத்துவர் வீசலாம் என்று சொன்ன பிறகு டிராப் பாலையும் சேஞ்ச்-அப்பையும் நினைத்த இடத்தில் போடப் பழகட்டும்; ரைஸ் பாலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்டத்திலும் பயிற்சியிலும் வீசும் பந்துகளின் எண்ணிக்கையை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் பேசும்போது அந்த நோட்டையே காட்டலாம்.