எட்டு ட்ரக் ரெக்கோடருக்கு எந்த மெமரி காட்டை நம்பலாம்?

சல்லரிச்சத்தம் (திருகோணமலை):

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில விடிய விடிய நடந்த கூத்தைப் பதிவு செய்யப் போனன். என்னட்ட இருக்கிறது சூம் ஆர்16, ஒரே நேரத்தில எட்டு ட்ரக் பதியிற ரெக்கோடர். ஆறு மைக் வைச்சன். கூத்தை நடத்திற அண்ணாவியாருக்கு ஒண்டு, மத்தளத்துக்கு ஒண்டு, சல்லரித் தாளத்துக்கு ஒண்டு, பிற்பாட்டுக்காரருக்கு ஒண்டு. மிச்சம் ரெண்டும் கண்டென்சர் மைக், கூத்தாடுற களரிக்கு இடமும் வலமுமா. 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ்.

இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிஞ்சுது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி, உடனே அடுத்த கோப்பைத் தொடங்கினன். மெஷின் கடைசிவரைக்கும் ஒரு எச்சரிக்கையும் காட்டல்ல. நேரம் ஓடினது, மீற்றரும் ஆடினது. வீட்ட வந்து போட்டுப் பாத்தா, பன்னிரண்டே கால் வரைக்கும் அண்ணாவியார் மூச்செடுக்கிறதுகூட வடிவாக் கேக்குது. அதுக்குப் பிறகு எடுத்த கோப்பெல்லாம் பேரும் இருக்கு, அளவும் சரி, உள்ளுக்க ஒண்டுமே இல்லை. சிலதில வெறும் இரைச்சல்.

அண்ணாவியாருக்கு 78 வயசு. நடுச்சாமத்துக்குப் பிறகுதான் அவர் மத்தளத்தைப் பக்கத்தில இருந்தவரிட்டக் குடுத்திட்டு, தனிய எழும்பி நிண்டு ஒரு விருத்தம் பாடினவர். சனம் அப்பிடியே அடங்கிப் போச்சு. அந்தப் பாட்டு என்னட்ட இல்லை. மூண்டு நாளா நித்திரை இல்லை எனக்கு.

காட் 32 ஜிபி, கிளாஸ் 10 எண்டு போட்டிருக்கு. டவுனில ஒரு கடையில வாங்கினது. வாங்கின அண்டே வீட்டில ஒரு மணித்தியாலம் சோதிச்சனான், ஒரு பிழையும் இல்லை. வேகம் காணாம இருக்குமோ? வி60, யூஎச்எஸ்-2 எண்டு விலை கூடின காட் எல்லாம் இருக்கே, அதில ஒண்டு வாங்கட்டோ? வைகாசிப் பொங்கலுக்கு முந்தித் திரும்பப் போறன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உவர்மலை ஒலி:

தம்பி, வாசிச்சிட்டு எனக்கும் மனம் சரியில்லை. முதல் வேலையா, அந்தக் காட்டில இனி ஒண்டையும் எழுதாதீங்க. நல்லா இருக்கிற கோப்புகளைக் கணினிக்கு எடுத்து, இன்னொரு இடத்திலயும் ஒரு பிரதி வைங்க. அதைச் செய்திட்டு மிச்சத்தை வாசிங்க.

இது வேகப் பிரச்சினை இல்லை. கணக்கைப் பாருங்க. செக்கனுக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்டும் 3 பைட், ஆறு ட்ரக். செக்கனுக்கு 0.8 மெகாபைட்டும் வராது. எட்டு ட்ரக் எடுத்தாலும் 1.06 தான். கிளாஸ் 10 எண்டா ஆகக் குறைஞ்சது 10 மெகாபைட் எழுதவேணும், வி60 எண்டா 60. அது பெரிய வீடியோக் கமெராக்காரருக்கு. யூஎச்எஸ்-2 காட்டின்ட முதுகில ரெண்டாவது வரிசைத் தகடு ஒண்டு இருக்கும், அதைத் தொடுறதுக்கு ஆர்16 க்குள்ள ஊசியே இல்லை. அந்தக் காசை வீணாக்காதீங்க.

வேகம் காணாட்டி மெஷின் பெரும்பாலும் எச்சரிக்கை காட்டி நிண்டிடும். உங்கட மெஷின் விடியும்வரை ஓடியிருக்கு. நீங்க சொல்றது அப்பிடியே போலிக் காட்டின்ட குணம். உள்ளுக்க 8 ஜிபி சிப்பை வைச்சு, 32 எண்டு பொய் சொல்ல, காட்டை இயக்கிற கொன்ட்ரோலரை மாத்தி வித்திருப்பாங்க. மெஷின் "எழுதினியா?" எண்டு கேக்கும், காட் "எழுதிட்டன்" எண்டு சொல்லும். 8 தாண்டின பிறகு எழுதினது ஒண்டும் எங்கயும் தங்காது. கோப்புகளின்ட பட்டியல் காட்டின்ட தொடக்கத்தில இருக்கிறபடியா பேரும் அளவும் மட்டும் ஒழுங்காத் தெரியும். ஆறு ட்ரக்குக்கு மணித்தியாலத்துக்கு 2.86 ஜிபி. ஒன்பதரையில இருந்து பன்னிரண்டே கால் வரை ரெண்டே முக்கால் மணித்தியாலம். பெருக்கிப் பாருங்க, 7.9 வரும். வீட்டில செய்த ஒரு மணித்தியாலச் சோதனை 3 ஜிபியைக்கூடத் தொடல்ல, எப்பிடிப் பிடிபடும்?

காட்டைச் சோதிக்கிற மென்பொருள் இருக்கு: விண்டோஸ் எண்டா எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ் எண்டா எஃப்3 (F3). ரெண்டும் காட் நிரம்பும்வரை எழுதி, திரும்ப வாசிச்சு ஒப்பிட்டுப் பாக்கும். அதோட காட்டில இருக்கிற வேகமும் தெரியும். புதுசா எந்தக் காட் வாங்கினாலும், பெரிய கம்பனிப் பேர் இருந்தாலும், முதல் நாளே இதைச் செய்யுங்க. பேர் பெத்த காட்டுக்குத்தான் போலி கனக்க.

காட் அசலா இருந்தாலும் ஒரு விசயம் இருக்கு, நான் கூடக் கவனிக்கிறது அதைத்தான். கிளாஸ் இலக்கம் எல்லாம் ஒரே நீளக் கோப்பை ஓட்டமா எழுதுறதுக்குச் சொல்றது. எங்கட மெஷின் ஒவ்வொரு ட்ரக்கையும் தனித்தனிக் கோப்பா, இதில கொஞ்சம் அதில கொஞ்சம் எண்டு மாறி மாறி எழுதும். ஃபிளாஷ் நினைவகத்தில பழசுக்கு மேல நேரா எழுத ஏலாது, பெரிய துண்டு ஒண்டை அழிச்சுத்தான் எழுதவேணும். மட்டமான காட் அந்த நேரம் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் நீண்டா, மெஷின் கையில பிடிச்சு வைச்சிருக்கிற சத்தம் நிரம்பி வழிஞ்சிடும். பழைய பதிவுகளை ஒண்டொண்டா அழிச்சுப் பாவிச்ச காட்டில இது இன்னும் மோசம். அதனால நிகழ்ச்சிக்கு முந்தி எல்லாத்தையும் இறக்கிட்டு, மெஷினுக்குள்ளயே ஃபோமட் பண்ணுங்க, கணினியில வேண்டாம்.

என்ட விருப்பம் 16 ஜிபி எஸ்டிஎச்சி (32 ஜிபி வரைக்குமான காட் வகை), ரெண்டு. ஏழு மணித்தியாலத்துக்கு உங்களுக்கு 20 ஜிபி வேணும். நடுச்சாமத்தில தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவாங்கதானே, அப்ப காட்டை மாத்துங்க. ஒண்டு போனாலும் பாதி இரவு மிஞ்சும். ஆர்16 32 வரைக்கும்தான் எடுக்கும். 64 எண்டா எஸ்டிஎக்ஸ்சி எண்ட அடுத்த வகை, அதை வேற விதமா ஃபோமட் பண்ணிப் போடுற ஆக்கள் இருக்காங்க. திரும்பப் பாடச் சொல்லிக் கேக்க ஏலாத இடத்தில நான் அதைச் செய்யமாட்டன். சூம் கம்பனி சோதிச்ச காட்டுகளின்ட பட்டியல் அவங்கட இணையத்தளத்தில இருக்கு. பழைய பட்டியல், அதில உள்ள கனக்க இப்ப கடையில இல்லை. எண்டாலும் ஒருக்காப் பாருங்க.

நிலாவெளி வீணை:

உவர்மலை அண்ணன் சொன்னதோட ஒண்டு சேக்கிறன். எங்கட ஊர் உப்புக் காத்தை மறக்காதீங்க தம்பி. கோணேசர் கோயில் மலையில நாதஸ்வரக் கச்சேரி ஒண்டைப் பதிவு செய்திட்டு, காட்டை அப்பிடியே மெஷினுக்குள்ள விட்டு மாரி முழுக்க வைச்சிருந்தன். தை மாசம் எடுத்துப் பாத்தா தகடெல்லாம் மங்கி, ஒரு ஓரத்தில பச்சை. மெஷின் காட்டையே காணல்ல. பஞ்சுக் குச்சியில ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்டு மெதுவாத் துடைச்சன், வந்திட்டு. அழிரப்பரால தேய்க்கச் சொல்லுவாங்க, தேய்க்காதீங்க, தங்கப் பூச்சு கழண்டிடும். இப்ப காட்டுகளை மூடி இறுக்கமான டப்பாவில, மருந்துப் போத்தலுக்குள்ள வாற அந்தச் சின்னச் சிலிக்கா பைகளோட வைக்கிறன்.

மைக்ரோ காட்டை அடப்டருக்குள்ள போட்டும் பாவிக்காதீங்க. தொடுற இடம் ஒண்டுக்கு ரெண்டாகுது. தவில் அடிக்கிற அதிர்வில மேசை ஆடினா அடப்டருக்குள்ள அந்தச் சின்னக் காட்டும் ஆடும். முழு அளவுக் காட்டே வாங்குங்க. அதின்ட பக்கத்தில இருக்கிற பூட்டுக் கட்டையையும் பாருங்க, தளர்ந்திருந்தா உள்ள தள்ளுறபோதே பூட்டிக்கொண்டு போயிடும்.

கிண்ணியா ஒலிபெருக்கி:

வாங்கிறதெண்டா பில்லும் உத்தரவாதமும் தாற இடத்தில வாங்குங்க. நான் கொழும்புக்குப் போற ஆக்களிட்ட, கொம்பியூட்டர்க் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில வாங்கச் சொல்லி விடுறனான். பில் இருந்தா, சோதனையில பிழைச்சா மாத்தித் தருவாங்க.

சல்லரிச்சத்தம்:

அண்ணன், அக்கா, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுப் பாத்தன். 7.4 தான் உண்மை (அது 1024 ஆல கணக்குப் பாக்கிற ஜிபி, அண்ணன்ட கணக்கில 7.9), மிச்சம் எல்லாம் இல்லாத இடம். காட்டைக் கத்தரிக்கோலால வெட்டிப் போட்டன், இன்னொருத்தர் கைக்குப் போகக் கூடாது. கடைக்காரர் தனக்கும் கொழும்பில இருந்து வந்ததுதான் எண்டு சொல்றார், காசு திரும்ப வரல்ல.

அண்ணாவியாருக்குப் போன் எடுத்துச் சொன்னன். சொல்ல எனக்குக் குரல் வரல்ல. அவர், "அந்த விருத்தம் எங்க போறது மகன், என்ட தொண்டையிலதானே இருக்கு, வந்து எடு" எண்டவர். பொங்கல் வரைக்கும் காத்திருக்காம அடுத்த சனிக்கிழமையே அவரின்ட வீட்டு விறாந்தையில வைச்சு எடுக்கப் போறன். 16 ஜிபி ரெண்டு சொல்லி விட்டிருக்கு. ஒரே ஒரு கேள்வி: எச்2டெஸ்ட்டபிள்யூ சரியெண்டு சொன்னா அது காணுமோ, மெஷினிலயும் சோதிக்கவேணுமோ?

உவர்மலை ஒலி:

மெஷினிலயும் சோதியுங்க. ஃபோமட் பண்ணி, எட்டு ட்ரக்கையும் திறந்து, ஃபேனுக்கு முன்னால மைக்கை வைச்சு இரவு முழுக்க ஓட விடுங்க. 16 ஜிபிக்கு நாலே கால் மணித்தியாலம் போதும், நிரம்பிடும். காலையில கடைசிக் கோப்பின்ட கடைசி நிமிசத்தைக் கேளுங்க, எட்டு ட்ரக்கிலயும். மெஷினைக் கரண்ட் அடப்டரில ஓட்டினாலும் புது பற்றரி ஆறைப் போட்டே வைங்க, கரண்ட் போனா எழுதின கோப்பு மூடப்படாமப் போயிடும். நிப்பாட்டினதும் உடனே காட்டை இழுக்காதீங்க, எழுதி முடியட்டும்.

விறாந்தையில எண்டா மத்தளத்தைச் சுவருக்குப் பக்கத்தில இருத்தாதீங்க. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஜெட்டியடியில நிக்கிறன், என்னையும் ஏத்திக்கொண்டு போங்க.