சமூகப் பண்ணையை விட்டு வந்தவர்களுக்கு ஒரு கேள்வி: அதில் எது உங்களோடு தங்கியது?

பாத்திகட்டி:

எல்லாருக்கும் வணக்கம். சில வருடங்களாக வாரக் கடைசியில் ஒரு சமூகப் பண்ணையில் தன்னார்வலராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, விளைந்ததில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அவ்வளவுதான். களை எடுப்பது, பாத்தி கட்டுவது, மட்கு உரம் புரட்டுவது, நாற்று நடுவது என்று எதைச் சொன்னாலும் செய்வேன். இப்போது மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறேன். அங்கே இப்படி ஓர் இடம் இருக்குமா தெரியாது, இருந்தாலும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நேரம் கிடைக்குமா என்பது அடுத்த சந்தேகம்.

பண்ணையில் யாரைக் கேட்டாலும் "இது என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது" என்கிறார்கள். ஆனால் சொல்பவர்கள் எல்லாரும் இன்னும் உள்ளே இருப்பவர்கள். மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வேறென்ன சொல்வார்கள்? விட்டுவிட்டு வந்து ஐந்து, பத்து வருடம் ஆனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வேலையில், வீட்டில், உடம்பில் ஏதாவது நிஜமாகவே மாறியதா? இல்லை, ஒரு நல்ல பொழுதுபோக்கு முடிந்துபோனது, அவ்வளவுதானா? என் மைத்துனர் இரண்டாவதுதான் சரி என்கிறார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:

நான் விட்டு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஒரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. ஆகவே உங்கள் மைத்துனர் தேடும் ஆள் நான்தான்.

விவசாயம் எதுவும் என்னிடம் ஒட்டவில்லை. எந்தப் பயிருக்கு எத்தனை நாள் என்று கேட்டால் முழிப்பேன். ஒட்டியது வேறொன்று. ஆரம்பத்தில் என்னை வெங்காயப் பாத்தியில் களை எடுக்க உட்கார வைத்தார்கள். நாற்று சின்னதாக இருக்கும்போது புல்லும் வெங்காயமும் ஒரே மாதிரி மெல்லிசாகப் பச்சையாக நிற்கும், எதைப் பிடுங்குவது என்றே புரியாது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா வந்து, "மேலே பார்க்காதே, அடியைப் பார்" என்றார். தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார். வெங்காயமென்றால் உருளும், புல்லென்றால் தட்டையாக வழுக்கும். அப்படியும் சந்தேகம் வந்தால் நுனியைக் கசக்கி மோந்து பார், மூக்குக்குத் தெரிந்துவிடும் என்றார். கொஞ்ச நேரம் கூடவே இருந்தார், அப்புறம் எழுந்து தன் வேலைக்குப் போய்விட்டார். நான் சரியாகச் செய்கிறேனா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். காப்பீட்டுப் படிவங்களில் இரண்டு பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் நோயாளியின் பணம் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும். கையேட்டைக் கொடுத்து "படித்துக்கொள்" என்பதுதான் ஆபீஸ் வழக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்று காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். காட்டுவது சுலபம், எழுந்து வருவதுதான் கஷ்டம், பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கத்தான் கை துறுதுறுக்கும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கற்றதில்லை.

உடம்பு பற்றிக் கேட்டீர்கள். முட்டி வலி மிச்சம். குனிவதற்குப் பதில் மண்டியிட்டு, அடியில் ஒரு சாக்கைப் போட்டு வேலை செய்யுங்கள், இதை மட்டுமாவது கேளுங்கள்.

எதிர்க்கேள்வி:

கணக்குப்பிள்ளை சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியே ஆக வேண்டும். லீவு நாளில் சம்பளமில்லாமல் சேற்றில் இறங்குகிறவர் யார்? ஏற்கெனவே கொஞ்சம் பொறுமையும், பிறரோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசையும் உள்ளவர்தான். அவர் பத்து வருடம் கழித்தும் பொறுமையாக இருந்தால் பெருமையைப் பண்ணைக்குக் கொடுப்பதா, அவருக்கே கொடுப்பதா? பாத்திகட்டி, நீங்கள் "உள்ளே இருப்பவர்கள்" என்று ஒரு வடிகட்டியைக் கவனித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னாலேயே இன்னொரு வடிகட்டி இருக்கிறது, அது வாசலில்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஒரே வழி சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது. அமெரிக்காவில் டென்வர் பகுதியில் அப்படிச் செய்து பார்த்தார்கள், 2023இல் முடிவு வெளியானது. சமூகத் தோட்டத்தில் இடம் கேட்டுக் காத்திருந்தவர்கள் 291 பேர், அதற்கு முன் 2 வருடமாகத் தோட்ட வேலை செய்யாதவர்கள். ஒரு பகுதியினருக்கு உடனே இடம், மற்றவர்கள் அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும். இரு தரப்பும் தோட்டத்தை விரும்பியவர்கள்தான் என்பதால் "ஏற்கெனவே நல்லவர்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. இடம் கிடைத்தவர்கள் நாளுக்குச் சுமார் 1.4 கிராம் கூடுதல் நார்ச்சத்து சாப்பிட்டார்கள், வாரத்துக்குச் சுமார் 42 நிமிடம் கூடுதலாக உடம்பை அசைத்தார்கள். மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன, ஆரம்பத்தில் அவை அதிகமாக இருந்தவர்களுக்கு அதிகமாகவே குறைந்தன.

சரி, பலன் நிஜம். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே ஆளுக்கொரு துண்டு நிலம், விதைப்பதும் அறுப்பதும் அவரவர் பாடு. நீங்கள் செய்வது பொதுப் பண்ணையில் சொன்ன வேலை. இரண்டாவது, அவர்கள் அளந்தது அந்தப் பருவத்து மாற்றங்களை. வாழ்க்கை மாறியது என்பது பருவத்தில் அளக்கிற சமாச்சாரமில்லை.

பழைய உழவன்:

நான் வேறு ரகம். தன்னார்வலராக இருந்த ஜோரில் வேலையை விட்டுவிட்டு, குத்தகைக்கு நிலம் எடுத்து, சில வருடம் காய்கறி போட்டு, பிறகு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவன். வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இதே யோசனையில் இருப்பவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லியாக வேண்டும்.

தன்னார்வலர் கண்ணுக்குப் பண்ணையில் வயல் தெரியும், கணக்குப் புத்தகம் தெரியாது. நட்ட அன்று வருவார், அறுவடை அன்று வருவார். நடு ராத்திரி மோட்டார் காயில் எரிந்தால் அவருக்குச் செய்தியே வராது. நாற்று பிழைத்தாலும் விலை விழுந்தால் என்ன ஆகும் என்பது அவர் கண்ணில் படவே படாது. இன்னொன்று, அவர் பார்க்கும் அந்த அழகான பண்ணையே சம்பளமில்லாத கைகளால்தான் நிற்கிறது. நான் தனியாகச் செய்தபோது களைக்குக் கூலி கொடுத்துப் பார்த்தேன், அன்றைக்குத்தான் தன்னார்வலர்களின் மதிப்பு எவ்வளவு என்று எண்ணிக்கையில் புரிந்தது.

இதற்கு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் 1970களில் நுகர்வோரும் விவசாயியும் நேரடியாகக் கைகோர்க்கும் தெய்க்கெய் முறை வளர்ந்தது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸில் ஒன்றும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்றுமாக இரண்டு பண்ணைகள், உறுப்பினர்கள் பருவத்துக்கு முன்பே பணம் கட்டும் முறையில் தொடங்கின. இரண்டாவது பண்ணையான டெம்பிள்-வில்டனில் வருடச் செலவைக் கூட்டத்தில் வைப்பார்கள், ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைச் சொல்லும், மொத்தம் செலவுக்கு ஈடாக வேண்டும். மழை பொய்த்தால் நஷ்டம் எல்லார் தலையிலும். நான் இப்போது அப்படிப்பட்ட ஒரு பண்ணையில் பணம் கட்டும் பக்கம் இருக்கிறேன். கோஸில் புழு ஓட்டை இருந்தால் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும் உறுப்பினர் என்று அங்கே எனக்குப் பெயர்.

வூஃப் (WWOOF) என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இயற்கைப் பண்ணைகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் ஏற்பாடு. 1971இல் லண்டனில் செக்ரட்டரி வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண், ஊரை விட்டு வாரக் கடைசியில் எங்காவது வயலுக்குப் போக முடியாதா என்று ஏங்கி ஆரம்பித்தது. முதல் முறை போனவர்கள் அவரையும் சேர்த்து ஒரு கைப்பிடி பேர்தான். அதன் ஆரம்பப் பெயரிலேயே "வார இறுதி" இருந்தது, அதாவது திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கான ஏற்பாடு. எல்லாரையும் விவசாயி ஆக்குவது யார் நோக்கமும் இல்லை. ஆகவே மைத்துனர் "நீ விவசாயி ஆகவில்லையே" என்றால் அசட்டை செய்யுங்கள்.

நாற்றங்கால்:

நான் ஒரு பண்ணையில் தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். அதாவது இன்னும் உள்ளே இருப்பவள், பாத்திகட்டியின் கணக்கில் என் சாட்சி செல்லாது. ஆனாலும் போனவர்கள் எனக்குப் போன் செய்வார்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.

எதிர்க்கேள்வி, உங்கள் வாசல் வடிகட்டி பாதிதான் சரி. ஆசைப்பட்டு வருகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள் என்று யார் சொன்னது? கல்லூரி மதிப்பெண்ணுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கம்பெனி ஒரு நாளைக்கு அனுப்பிவைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு (இவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, எங்களுக்குத்தான் மிதித்த நாற்றுகளை மறுபடி நடும் வேலை). டாக்டரோ வீட்டாரோ தள்ளிவிட்டு வருகிறவர்களும் உண்டு. நெதர்லாந்தில் இதை முறையாகவே செய்கிறார்கள். மறதி நோய் உள்ள முதியவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், பள்ளியில் ஒட்டாத பிள்ளைகள் என்று பலரும் பகலில் போய் வேலை செய்யும் பராமரிப்புப் பண்ணைகள் அங்கே ஆயிரத்துக்கும் மேல்.

என் அனுபவத்தில் ஆளை மாற்றுவது மண்ணைவிட சண்டைதான். சிரிக்காதீர்கள். தண்ணீர் வால்வை யார் மூடாமல் போனது, நல்ல மண்வெட்டியை யார் எங்கே வைத்தார், தக்காளியை யார் அதிகமாக எடுத்துக்கொண்டார், இதற்கெல்லாம் எங்களிடம் கூச்சல் நடக்கும். ஆபீஸ் என்றால் மேலதிகாரி தீர்ப்பு சொல்வார், வீடென்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இங்கே யாருக்கும் யார் மீதும் அதிகாரம் கிடையாது, சம்பளத்தைப் பிடிக்க முடியாது, ஆனால் செடிக்கு நாளைக்கும் தண்ணீர் வேண்டும். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டவரோடேயே மறுவாரம் குழாயின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியிருக்கும். போனவர்கள் போனில் சொல்வதும் இதைத்தான். ஒருவர் தன் குடியிருப்புச் சங்கத்தில் இன்று எல்லாரும் கூப்பிடும் ஆள். இங்கே இருந்தபோது இரண்டு பேரோடு பேச்சே கிடையாது, அவர் பெயரைப் பட்டியலில் எழுதும்போதெல்லாம் யாரோடு போடுவது என்று தலையைச் சொறிவேன்.

யாருக்குப் பலன் தங்குகிறது என்றும் கவனித்திருக்கிறேன். வந்த அன்று சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போனவர்களுக்கு நல்ல நினைவுகள் தங்கும். ஒரு பாத்தியையோ, மட்குக் குவியலையோ, விதை எடுப்பதையோ ஆரம்பம் முதல் கடைசி வரை தன் பொறுப்பில் வைத்திருந்தவர்களிடம்தான் நான் பேச்சிலேயே வித்தியாசம் பார்க்கிறேன். "அது செத்துப்போனது" என்று சொல்லக்கூடிய ஒன்று அவர்களிடம் இருந்திருக்கிறது.

எதிர்க்கேள்வி:

கட்டாயத்தில் வருகிறவர்கள் பற்றிச் சொன்னது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் போன் செய்யாதவர்களை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லையே.

நாற்றங்கால்:

எடுக்கவில்லைதான். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பாத்திகட்டி:

எல்லாருக்கும் நன்றி. மைத்துனரிடம் கணக்குப்பிள்ளை எழுதியதை வாசித்துக் காட்டினேன், "அது அந்த அம்மாவின் குணம், பண்ணையின் குணமில்லை" என்கிறார். அந்த அம்மாவை நான் வேறெங்கே போய்ச் சந்திப்பேன் என்று கேட்டேன். டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

நாற்றங்கால் சொன்ன பிறகு யோசித்தால், எனக்கும் ஒன்று இருக்கிறது. மட்குக் குவியலை ரொம்ப நாளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் ஒப்படைக்கவில்லை, தானாக என் தலையில் வந்து விழுந்தது. எப்போது புரட்ட வேண்டும் என்று குத்துக் கம்பியைச் செருகித் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். போவதற்கு முன் யாரிடமாவது விட்டுப் போக வேண்டும். எழுதி வைத்தால் போதுமா?

நாற்றங்கால்:

எழுதுவதோடு விடாதீர்கள், ஆளைப் பிடியுங்கள். கம்பி உங்கள் கைக்குப் பழக்கம், புதியவருக்குச் சூடு என்றால் எவ்வளவு சூடு என்று தெரியாது. ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுங்கள். நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருந்தால் விட்டுவிடலாம், அதற்கு மேல் ஏறினாலோ, ஏறிவிட்டு இறங்கத் தொடங்கினாலோ புரட்ட வேண்டும், புரட்டியும் சூடேறவில்லை என்றால் ஈரத்தைப் பார்க்க வேண்டும், ஈரமும் சரியாக இருந்தால் ஆற விடலாம். பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நீங்கள் கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது அவர் புரட்டட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தள்ளி என்றால் நிஜமாகவே தள்ளி. வேறு பாத்திக்குப் போய்விடுங்கள்.