'கடத்தி'க்குப் பதில் 'உள்ளேந்தி' சரிவருமா?

வணக்கம்.

பிளஸ் டூ மரபியலில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்ற ஜோடியில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. மெண்டலின் பட்டாணியில் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. நடுவில் குட்டைப் பண்பு அழியவில்லை, ஒடுங்கிக் கிடந்தது. சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்), குரோமோசோம் இரண்டும் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அதில் சிரமம் இல்லை.

சிக்கல், 'carrier' என்பதற்கு நாம் எழுதும் 'கடத்தி'யில். நோய்க்கான ஒடுங்கு அல்லீல் ஒன்று இருந்தும் நோயாளி ஆகாதவரை இப்படிச் சொல்கிறோம். செப்புக் கம்பியும் கடத்திதான், மலேரியா கொசுவும் கடத்திதான். ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவின் குடும்ப வரைபடத்தில் 'கடத்தித் தாய்' என்று எழுதினால், "கொசு மாதிரியா சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருகிறது. செம்மரக் கடத்தல் செய்தி படித்து வளர்கிற வேலூர்ப் பையன் இந்த மட்டில் விட்டானே!

வகுப்போடு போனால் பரவாயில்லை. நம் வடாற்காட்டுப் பக்கம் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. தாய்மாமனுக்கும் அவளுக்கும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணு பொது. பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவின் அல்லீல் இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று சொல்லப் போகிற இடத்தில் 'பெண் கடத்தி' என்றால் மாமியார் காதில் அது எப்படி விழும்? ஹீமோஃபிலியா 'ஏ' வகைக்கு ஐந்து பேரிடம் செய்த மரபணு சிகிச்சையின் முடிவை 2024இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்ட ஊர் இது. இங்கேயே தாய்க்கு இந்தப் பெயரா?

ஈழத்து நண்பர் சொன்ன 'காவி' இலக்கணப்படி சுத்தம். காவுதல் என்றால் சுமத்தல்தான். ஆனால் இங்கே காவி என்றால் வேட்டி, காவு என்றால் ஆடு. இன்னொரு யோசனையான 'மறைசுமப்பி'யில் எனக்குத் தகவல் சார்ந்த மறுப்பே உண்டு. ஹீமோஃபிலியா அல்லீல் உள்ள பெண்கள் சிலருக்கு உறைகாரணி (ரத்தம் உறைய உதவும் புரதம்) குறைந்து, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. மாதவிலக்கில் அதிகம் போகும். மறைந்தே இருக்கும் என்று பெயரிலேயே அடித்துச் சொன்னால், அந்தப் பெண் டாக்டரிடம் போகவே யோசிப்பாள். 'நோயேந்தி' வேண்டாம், நோயாளி என்றே படும். வெறும் 'மரபேந்தி' என்றால் நாம் எல்லோருமே மரபேந்திகள்.

அதனால் 'உள்ளேந்தி'. உள்ளே ஏந்தியிருக்கிறார் என்பதோடு நிற்கிறது. வெளியே தெரியுமா தெரியாதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. தலசீமியாவில் அப்பாவும் உள்ளேந்தி ஆகலாம், ஆண்பால் பெண்பால் தொல்லை கிடையாது. உள்ளேந்தித் தாய், உள்ளேந்திப் பரிசோதனை, உள்ளேந்தி நிலை என்று தொடரிலும் உட்காருகிறது. கையேந்தி பவன் நினைவு வருகிறது என்று ஒருவர் கிண்டலடித்தார். வரட்டும், அங்கே சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும். பன்மையில் பட்டாணிச் செடிக்கு 'உள்ளேந்திகள்' சரி. மனிதர்களுக்கு 'உள்ளேந்தியர்' என்று போடலாமா? தமிழாசிரியர்கள் சொல்லுங்கள்.