நெய்தான் பயிற்சி: பெய்ஜிங்கில் பார்த்ததும் எனக்குள் நடந்ததும்

நெய்தான், அதாவது சீனத் தாவோ மரபின் உள்-ரசவாதம், பற்றி அனுபவம் உள்ளவர்கள் எழுதச் சொல்லியிருந்தீர்கள். வேலை விஷயமாகப் பெய்ஜிங்கில் இருந்த காலத்தில்தான் எனக்கு இது பழக்கமானது.

அங்கே வெண்மேகக் கோயில் என்று சொல்லும் பாய்யுன்குவான் இருக்கிறது. செங்கிஸ்கானை 1222இல் நேரில் சந்தித்த சியூ சூஜி என்ற துறவியின் சமாதி உள்ள இடம். சாகாமருந்து இருக்கிறதா என்று கான் கேட்டபோது, உயிரைப் பேணும் வழி உண்டு, சாகாமருந்து கிடையாது என்று நேராகச் சொன்னவர். அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த மரபின் மேல் மரியாதை.

அந்தக் கோயிலில் 1886இல் செதுக்கிய நெய்ஜிங் தூ என்ற கல்லின் மைப்படி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். பார்த்தவுடன் ஏதோ மலை, ஓடை, மரம் என்றுதான் தோன்றும், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு அது என்பது பிடிபடும். முதுகெலும்புதான் மலைத்தொடர். அதன் அடியில் இரண்டு பிள்ளைகள் நீர்ச்சக்கரத்தை மிதிக்கிறார்கள், கீழே வடிய வேண்டிய தண்ணீர் மேலே ஏறுகிறது. அடிவயிற்றில் ஒருவன் எருது பூட்டி உழுதுகொண்டிருக்கிறான். சிறுநீரகப் பக்கம் ஒரு பெண் நூல் நூற்கிறாள். ஜிங் என்ற உயிர்ச்சாரத்தைச் 'சி' என்ற மூச்சாற்றலாகவும், அதை ஷென் என்ற தெளிவாகவும் மாற்றி, கடைசியில் ஷென்னையும் வெறுமையில் கரைப்பது என்று புத்தகங்கள் சொல்வதை, அந்தக் கல் உழவும் நூற்புமாகக் காட்டிவிடுகிறது.

பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர் பூங்காவில் பழக்கமான ஒரு பெரியவர். நாக்கு நுனியை மேலண்ணத்தில் தொட்டு வை, கவனத்தைத் தொப்புளுக்குக் கீழே விடு, மறக்கவும் வேண்டாம், பிடித்துத் தள்ளவும் வேண்டாம், அவ்வளவுதான். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பாமல் மெதுவாக விழுங்கச் சொல்வார். தீயிலும் இரண்டு உண்டாம்: கவனத்தை இறுக்கினால் கடுந்தீ, தளர்த்தினால் இளந்தீ. ஆரம்பத்தில் கொஞ்சம் கடுந்தீ, மற்றதெல்லாம் இளந்தீதான் என்பார்.

எனக்கு அந்தப் பயிற்சி திறந்தது பத்தாம் எண் மெட்ரோவில், சாயங்கால நெரிசலில். அலுவலகத்தில் ஒருவரோடு வாக்குவாதம் முடிந்து கொதிப்போடு நின்றுகொண்டிருந்தேன். கவனம் தானாக அடிவயிற்றுக்கு இறங்கியது, அங்கே இளஞ்சூடு, அப்புறம் அந்தக் கோபம் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா எழும்பி அடங்கியது. நிற்கிறவர்கள், ரயில் சத்தம், என் மூச்சு, எல்லாம் ஒரே நடப்பாக இருந்தது. ஒளியோ குரலோ எதுவும் இல்லை. இறங்கிப் போய்க் காய்கறி வாங்கினேன், அதுவும் அப்படியே இருந்தது. இன்றுவரை அதற்கு ஈடாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

———

நல்ல பகிர்வு. ஆனால் புதியவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் அறைத்தோழர் காணொளி பார்த்து, முதுகு வழியாகச் சக்தியை ஏற்றுகிறேன் என்று ராத்திரி ராத்திரியாக முயன்றார். தலையில் பாரம், தூக்கம் போயிற்று, யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்றார். சீனர்கள் இதை 'சோஹுவோ ரூமோ' என்பார்கள், தீ தடம் மாறிப் பேய் புகுந்த நிலை. 1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டிலேயே சிகொங் என்ற சீன மூச்சுப் பயிற்சியால் வரும் மனக்குழப்பம் என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்த்து, பயிற்சியை விட்டபின்தான் அவர் தேறினார். குரல் கேட்டால் உடனே நிறுத்துங்கள், தியானத்தின் அடுத்த படி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

———

இது நம் சித்தர்களின் மூச்சுப் பயிற்சியான வாசியோகம்தானே? சித்தர் போகர் சீனா போய் வந்தார் என்று எங்கள் பழனிப் பக்கம் சொல்வார்கள்.

———

உறவு இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது, இரண்டிலும் உடம்பே பாத்திரம். ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழியில், முதுகில் ஏறியதை உச்சியில் நிறுத்தவே கூடாது, நெற்றி, நாக்கு, நெஞ்சு வழியாக முன்பக்கம் இறக்கி அடிவயிற்றில் சேர்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். மேலே எச்சரித்த நண்பரே, உங்கள் அறைத்தோழர் அப்படிக் கீழே இறக்கும் பகுதியைச் செய்தாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா?