கம்பைலர் மாற்றினேன், எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் செய்யணுமா? அவசரம்

ரங்கூன்_தம்பி: வணக்கம். நேற்று கம்பைலரை (எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) அப்டேட் செய்தேன், அப்புறம் கம்பைல் செய்த ஒரு புரோகிராம் திறக்கவே இல்லை. மொத்த சிஸ்டத்தையும் திரும்பச் செய்யணுமா? எங்கள் தெருவில் கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் அடுத்த நாலு மணி நேரம் இருக்காது, சீக்கிரம் சொல்லுங்க.

மோல்மீன்_வாசகன்: எந்த லினக்ஸ்? எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு? திரையில் என்ன வருகிறது?

ரங்கூன்_தம்பி: ஜென்டூ அண்ணே, நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளும் லினக்ஸ். கம்பைலர் ஜிசிசி 12 இருந்தது, இப்போது 13.2. 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32' கிடைக்கவில்லை என்கிறது.

பழைய_கை: இதைக்கூடப் படிக்காமல் ஜென்டூவில் கை வைக்கக் கூடாது தம்பி. 2004-இல் ஜிசிசி 3.4 வந்தபோது சி++ லைப்ரரியின் (சி++ புரோகிராம்கள் ஓடும்போது பொதுவாகப் பயன்படுத்தும் ஃபைல்) எண் 5 போய் 6 ஆனது, ராத்திரி பகலாக எல்லாவற்றையும் கம்பைல் செய்தோம். நீயும் செய், பாதியில் விட்டால் சிஸ்டம் குழம்பும்.

மோல்மீன்_வாசகன்: அது அப்போது சரி. அந்த எண் இன்றுவரை 6-தான். 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது சி++-இன் ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்), லிஸ்ட் (பட்டியல்) இரண்டின் உள்ளமைப்பு மாறியதால் சி++ பேக்கேஜ்களை மட்டும் திரும்பச் செய்யச் சொன்னார்கள். வெறும் சி-யில் எழுதியவற்றுக்கு அப்போதும் தேவையில்லை. 12-இலிருந்து 13-க்குப் போக எதையும் தொட வேண்டாம்.

தட்டோன்_பையன்: என்னைக் கேட்டால் கம்பைலே வேண்டாம். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே பைனரி பேக்கேஜ், அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்தது, தருகிறது. இந்தக் கரண்டில் யார் உட்கார்ந்து கம்பைல் செய்வது?

பழைய_கை: பைனரி வேண்டுமென்றால் டெபியன் லினக்ஸ் இருக்கிறதே.

தட்டோன்_பையன்: உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, பேசுவீர்கள். பெரிய பேக்கேஜ் பாதியில் கரண்ட் போனால் அதை முதலிலிருந்து தொடங்கணும், பேட்டரியும் தாங்காது. பைனரி எடுத்தாலும் அது ஜென்டூதான்.

மோல்மீன்_வாசகன்: அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்க. தம்பி, 3.4.32 என்பது சி++ லைப்ரரியின் உள்பதிப்பு எண், அது ஜிசிசி 13.2-இலிருந்துதான் உண்டு. புரோகிராம் புதியது, ஆனால் ஓடும்போது 12-இன் பழைய லைப்ரரியைப் போய்ப் பிடிக்கிறது. முதலில் எந்த ஜிசிசி என்று தேர்ந்தெடுக்கும் ஜிசிசி-கான்ஃபிக்கில் 13 தேர்வாகியிருக்கிறதா பாருங்க. அப்புறம் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி ஃபைலில், லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்று எப்போதாவது ஏதாவது எழுதினீர்களா?

ரங்கூன்_தம்பி: ஆமாம் அண்ணே, போன வருஷம் ஏதோ ஒன்றுக்காக 12-இன் ஃபோல்டரைப் போட்டிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன், திறந்துவிட்டது. ரொம்ப நன்றி, கரண்ட் போகிற நேரம்.

பழைய_கை: எல்லாவற்றையும் ஒருதரம் கம்பைல் செய்வது நல்லதுதான்.