அல்கோடோனஸ் மணற்குன்றில் பார்த்த செடி: பியர்சன் மில்க்வெட்ச் தானா?

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கில் உள்ள அல்கோடோனஸ் மணற்குன்றுகளில் ஒரு செடியைப் படம் எடுத்தேன். எந்த இனம் என்று ஒரு மாதமாக முடிவு செய்ய முடியவில்லை.

மார்ச் கடைசி வாரம், 78ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கே, வண்டிகள் நுழையக் கூடாத பகுதி. சரிவான வெறும் மணலில் தனியாக நின்றது. முழங்கால் உயரம், வெள்ளி மயிர் படர்ந்த தண்டு, ஊதாப் பூ, உப்பிய காய். சிற்றிலைகள் (ஒரே இலையின் சின்னச் சின்னப் பிரிவுகள்) மிகச் சிறியவை, தள்ளித் தள்ளி இருந்தன.

இரண்டு செயலிகளில் படத்தைப் போட்டேன். ஒன்று பியர்சன் மில்க்வெட்ச் என்றது, இன்னொன்று பொரேகோ மில்க்வெட்ச் என்றது. இரண்டும் அவரைக் குடும்பச் செடிகள், இரண்டும் அங்கே வளர்பவைதான். பொரேகோவின் காய்க்குள் இரண்டு அறை, பியர்சனுக்கு ஒன்றுதான். ஆனால் காயைப் பறித்து வெட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பியர்சன் 1998 முதல் அமெரிக்க அரசின் அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. ஒரு விதைகூட அந்த மணலுக்குத்தான் சேர வேண்டும். (அதனால்தான் சரியான இடத்தையும் இங்கே எழுதவில்லை.)

அப்புறம் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனிச் சிற்றிலை மூட்டு இல்லாமல் இலைக்காம்போடு அப்படியே தொடர்வது போலத் தெரிகிறது. பியர்சனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன், மூன்றாவது படத்தில் நுனி தெளிவாக இருக்கிறது.

காயை வெட்டாமல், அந்த நுனிச் சிற்றிலையை மட்டும் வைத்து இதைப் பியர்சன் என்று உறுதியாகச் சொல்லலாமா?