செயலி சோதனைக்கு உட்கார வைத்த ஆட்களில் இன்னும் மறக்காதவர் யார்?

திருமங்கலத்துக்காரன்
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். கமிஷன் கடைக்குப் பூ போடும் விவசாயிகளுக்கான செயலி. எடை, விலை, கமிஷன் போக நிற்கும் தொகை எல்லாம் போனிலேயே தெரியும். விடிகாலை வியாபாரம் ஓய்ந்த பிறகு கடை வாசலிலேயே யூசபிலிட்டி டெஸ்ட் வைத்தோம், அதாவது செயலியை ஆட்கள் கையில் கொடுத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். “இன்னைக்குப் போட்ட மல்லிக்கு எவ்வளவு வரும், பாத்துச் சொல்லுங்கம்மா” என்பதுதான் டாஸ்க். தடுமாறவே இல்லை, தொகையைச் சொல்லிவிட்டார். தாளில் ‘முடித்தார்’ என்று டிக் விழுந்தது.

அப்புறம் சுருக்குப் பையிலிருந்து கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்தார். போனுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். “சரியாத்தான் இருக்கு தம்பி” என்று போனை என்னிடம் நீட்டிவிட்டு, சீட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்றேன். “அதான் முடிச்சிட்டாங்கல்ல” என்றார்கள் குழுவில். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கோமதிபுரம்
ஒரே ஒருவரை வைத்து இவ்வளவு தூரம் போகாதீர்கள். ஐந்து பேரை வைத்தாலே 85 சதவீதச் சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று யூசபிலிட்டி நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். அந்த ஐந்தையாவது முடியுங்கள். எனக்கு மறக்காதவர், டெஸ்ட் முழுக்க “நல்லா இருக்கு சார்” என்று மட்டுமே சொன்ன ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர்.

வடபழஞ்சி
கோமதிபுரம் அண்ணே, அந்த 85 சும்மா வந்ததில்லை. ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டுவார் என்ற கணக்கில் வந்தது. அதுவும் ஒரே மாதிரி ஆட்களுக்கு. பூ போடுகிறவர், கடைக் கணக்கர், கட்டி விற்கிறவர் எல்லோரையும் ஒரே ஐந்தில் அடைத்தால் கணக்கு உதைக்கும்.

என் அனுபவம் சின்னது. ஆஸ்பத்திரி டோக்கன் செயலி, ஒரு தாத்தா. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றால் வாயே திறக்கவில்லை. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். “அதை அமுக்காத தாத்தா”, “இரு, எனக்குத் தெரியும்” என்று இருவரும் முட்டிக்கொண்டதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

அதனால் சொல்கிறேன். நம் ஊரில் புது ஆள் முன்னால் யாரும் தனியாகப் பேச மாட்டார்கள், தெரிந்த இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். பட்டனில் இருக்கும் சொல்லையே டாஸ்க்கில் சொல்லாதீர்கள், சொன்னால் அந்தச் சொல்லைத் தேடித்தான் அமுக்குவார்கள். முந்தின நாள் யாராவது ஒருவரை வைத்து ஒத்திகை பாருங்கள். முகூர்த்த நாளில் பூக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். கூலியை முதலிலேயே கையில் கொடுத்து, பாதியில் எழுந்து போனாலும் இது உங்கள் பணம்தான் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் நமக்குப் பதில் சொல்லத் துடிக்கும், அடக்கிக்கொண்டு “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள்.

மேலூர்
ஜவுளிக்கடைக் கணக்கர் ஏன் நல்லா இருக்கு என்றே சொன்னார் என்று யாரும் கேட்கவில்லையே. முதலாளி பக்கத்தில் இருந்தாரா? எங்கள் டெஸ்டில் மேலாளர் பின்னாலேயே நின்றார். அந்த அக்கா ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்னும் அவர் முகத்தைப் பார்த்தார். மேலாளரை டீ குடிக்க அழைத்துப் போகச் சொன்னோம். அவர் படி இறங்கியதும் அந்த அக்கா, “இதுல எனக்கு ஒண்ணுமே புரியல சார், முதல்ல இருந்து காட்டுங்க” என்றார்.

திருமங்கலத்துக்காரன்
ஒருவர் மட்டும் இல்லை, கோமதிபுரம். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் கேட்டதில் சீட்டைத் தூக்கிப்போடுவேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைச் சீட்டைப் படம் எடுத்துத் தொகைக்குக் கீழேயே காட்டும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சுற்று மார்கழியில். முகூர்த்தம் கிடையாது, பனியில் பூ வரத்தும் குறைவு, உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும். கடைக்காரர் இல்லாத இடமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.